கொடைமலைச் சாலையில் கண்ட அயல்நாட்டு மரங்கள்

மதுரையிலிருந்து மேற்கே புறப்பட்டு, உசிலம்பட்டி, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் சாலையை நம் வாசகர்களுள் அநேகர் அறிவர். கோடை வெம்மைக்கு அஞ்சிப் பிள்ளைகளோடு ஏரியைக் காணச் செல்வோர் உளர். சலேத் மாதா ஆலயத்திற்குச் செல்வோர் உளர். ஆயினும் அச்சாலையின் இரு மருங்கிலும் நிற்கும் மரங்களை ஊன்றிப் பார்த்தவர் சிலரே. மரங்களைப் பார்ப்பதையே நோக்கமாகக் கொண்டு, உழவர் மூவரைத் துணையாகக் கூட்டிக்கொண்டு, அண்மையில் அவ்வழியே பயணம் செய்தோம்.

மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் ஊர்தோறும் மரம் நடும் ஆர்வம் பிறக்கின்றது. விரைவாக வளர வேண்டும். உரம் கேட்கக் கூடாது. கெட்ட நிலத்திலும் பிழைக்க வேண்டும். வெட்டினால் மீண்டும் தழைக்க வேண்டும். இப்படிப்பட்ட மரத்தையே எல்லாரும் நாடுகின்றனர். அத்தகைய மரங்கள் உண்டு. அவற்றுட் பல கடல் கடந்து வந்தவை. முன்னரே நடப்பட்ட இடங்களில் அவை என்ன நன்மை செய்தன, என்ன தீமை செய்தன என்பதை அறிய, இந்த ஒரு சாலையே போதிய பாடசாலையாகும்.

காற்றிலே கிடைக்கும் உரம்

பயணத்தைத் தொடருமுன் ஒரு சிறு விளக்கம் தேவைப்படுகின்றது. நாம் மூச்சுவிடும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் என்னும் வாயுவே. பயிருக்கு வேண்டிய தழைச்சத்து அதுதான். ஆனால் கடல் நடுவே தாகத்தால் வாடுபவனைப்போல, அவ்வளவு நைட்ரஜன் சூழ்ந்திருந்தும், பெரும்பாலான செடிகொடிகளால் அதை நேரே எடுத்துக்கொள்ள இயலாது. மண்ணில் மக்கிய தழையும் எருவும் தருவதையே அவை எதிர்பார்த்து நிற்கும்.

நிலக்கடலைச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கிப் பார்த்தவர்கள், வேரில் சிறு மணிகள் போன்ற முடிச்சுகளைக் கண்டிருப்பர். நன்கு செயற்படும் முடிச்சு ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே செந்நிறம் தெரியும். அம்முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன; செடி அவற்றிற்குச் சர்க்கரை அளிக்கின்றது. அவரைக் குடும்பத்து மரங்கள் பலவற்றிலும் இந்த ஏற்பாடு உண்டு. (எல்லாவற்றிலும் இல்லை, புளியும் சரக்கொன்றையும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே ஆயினும் அவற்றில் வேர்முடிச்சு இராது.) இத்தகைய மரத்தின் இலை உதிர்ந்து மக்கும்போது, அது தேடிய சத்து நிலத்திற்கும் கிட்டுகின்றது. மரம் தன் உரத்தைத் தானே தேடிக்கொள்வதால், வேறு மரங்கள் வாடும் இடத்திலும் இது தழைக்கும்.

நமது நாட்டில் இவ்வகை மரங்களுக்குப் பஞ்சமில்லை. நாட்டுக் கருவேல், வன்னி, வாகை, புங்கு, கல்யாண முருங்கை எல்லாம் இவ்வினத்தவையே. உசிலை மரத்தால் பெயர் பெற்றதென்று சொல்லப்படும் உசிலம்பட்டியை நாம் கடந்துதான் சென்றோம், உசிலையும் இவ்வினத்ததே. ஆனால் இன்று அவ்வூர்ப் பக்கத்துக் கண்மாய்க்கரைகளில் உசிலையைத் தேட வேண்டியிருக்கின்றது. தேடாமலே கண்ணில் படுவது வேறொன்று.

சமவெளியில் சீமைக் கருவேல்

வேலிக்காத்தான் என்றும் சீமைக் கருவேல் என்றும் நம் மக்கள் அழைக்கும் அம்மரத்தின் தாயகம் மெக்சிக்கோவும் நடு அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும் தென் அமெரிக்காவின் வடபகுதியுமாகும். 1877இல், அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பை மாவட்டத்தில், ஜமைக்காத் தீவிலிருந்து தருவிக்கப்பட்ட விதைகள் விதைக்கப்பட்டன. தாது வருடப் பஞ்சம் நாட்டை வாட்டிய காலம் அது. வறண்ட நிலத்தில் விறகுக்கு ஒரு மரம் வேண்டும் என்பதே விதைத்தோரின் எண்ணம். அந்த எண்ணத்தில் குற்றம் காண இயலாது.

எண்ணியபடியே மரமும் பணி செய்தது. உவர் நிலத்திலும் மணற்பாங்கிலும் அது வேரூன்றியது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் மழை பொய்த்த ஆண்டுகளில், கரிமூட்டம் போட்டு அடுப்பெரித்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. செங்கற் சூளைக்கும் தேநீர்க் கடைக்கும் விறகு தந்தது இம்மரமே. இதைப் பழிக்கும் நாவில் பாதி, இதன் விறகில் வெந்த சோற்றை உண்டு வளர்ந்ததுதான்.

ஆனால் அதன் நெற்று இனிப்பானது. ஆடும் மாடும் அதனை விரும்பித் தின்னும். விதையோ செரிக்காமல் சாணத்தோடு வெளிப்பட்டு, எருவும் உடன் இருக்க, எளிதில் முளைக்கும். மேய்ச்சல் சென்ற இடமெல்லாம் மரமும் சென்றது. கண்மாயின் உள்வாயிலும், வரத்துக் கால்வாயிலும், இரண்டாண்டு தரிசு விட்ட புஞ்சையிலும் புகுந்தது. அடியோடு வெட்டினால், அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகக் கிளைக்கும். வேரோடு பெயர்த்தாலன்றி ஒழியாது. ஏழைக் குடியானவன் தன் நிலத்தை மீட்பதற்கு இயந்திரம் அமர்த்திச் செலவிட வேண்டிய நிலை வந்தது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரத்தை அகற்றுமாறு உத்தரவிடும் அளவுக்குச் செய்தி முற்றியது. இம்மரத்தைப் பற்றி மக்கள் கூறும் பழிகள் எல்லாம் மெய்ப்பிக்கப்பட்டவை அல்ல. ஆயினும் ஆழ வேர்விட்டு நிலத்தடி நீரை எடுப்பதும், நீர்வழிகளை அடைப்பதும், மற்றச் செடிகளைத் தலையெடுக்க விடாமையும் எவரும் காணக்கூடிய உண்மைகள்.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று. கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் பரிங்கோ ஏரிக்கரையில், பாலை பரவுவதைத் தடுக்கவென்று 1980களில் இதே இனத்து மரங்கள் நடப்பட்டன. அங்குள்ள மேய்ச்சல் குடிகளான இல்ச்சாமுஸ் மக்கள் புல்வெளியை இழந்தனர். இனிப்பு நெற்றுகள் பற்களில் ஒட்டிப் பல் சொத்தையாகித் தங்கள் ஆடுகள் பல்லிழந்து மடிகின்றன என்று கூறி 2006இல் வழக்குத் தொடுத்தனர். பல்லற்ற வெள்ளாடு ஒன்றையும் சான்றாக நீதிமன்றத்திற்கு இட்டுச் சென்றனர்! செய்தியைப் படித்தோர் நகைத்திருக்கலாம். ஆட்டை நம்பி வாழ்ந்தவனுக்கு அது நகைக்கும் காரியமன்று.

இடைமலையில் போத்து மரம்

வத்தலக்குண்டைத் தாண்டி மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏறினால், வெம்மை குறைந்து காற்று மாறுகின்றது. ஊத்து என்னும் இடத்தில் பிரியும் கிளைச்சாலை பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் செல்கின்றது. காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை ஆகியவற்றின் நாடு இது. காப்பிச் செடி நிழலை விரும்புவது. ஆகவே தோட்டமெங்கும் நிழல் மரங்கள். அவற்றிடையே கல்யாண முருங்கையும், கிளைரிசிடியா என்னும் அயல்நாட்டு மரமும் நின்றன.

கிளைரிசிடியாவும் நடு அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அதன் பெயர் லத்தீன் மொழியில் எலிக்கொல்லி எனப் பொருள்படும்; அதன் பட்டையைத் தானியத்தோடு அரைத்து எலிகளுக்கு வைக்கும் வழக்கம் அத்தாயகத்தில் உண்டு. அதனோடு சேர்ந்து வழங்கும் செப்பியும் என்ற சொல்லுக்கு வேலிக்குரியது என்பது பொருள். பெயருக்கேற்ப அது வேலிக்கு ஏற்றது. ஓர் ஆள் உயரப் போத்து ஒன்றை வெட்டி மழை நாளில் ஊன்றினால், சில வாரங்களில் துளிர்த்துவிடும். அதன் தழையை வெட்டி வயலில் மிதித்தாலும், காப்பிச் செடியின் அடியில் பரப்பினாலும் நல்ல உரம்.

தோட்டம் ஒன்றில் முதியவர் ஒருவர் ஏணி சாத்திக் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார். நம்முடன் வந்த உழவர்களுள் ஒருவர், “ஏன் ஐயா, இந்த மரம் காடெல்லாம் பரவிவிடாதா?” என்று வினவினார். அவர் இறங்கி வந்து, அரிவாளைக் காட்டி விடையளித்தார்: “இது இருக்கிற வரைக்கும் பரவாதுங்க. காய் முத்த நாங்க எங்க விடுறோம்? வருஷந்தவறாம தழைக்கு வெட்டிடுறோம். வெட்ட ஆள் இருந்தா அது நமக்கு வேலைக்காரன். ஆள் இல்லாமப் போனா அதுதான் எசமான்.”

மரநூல் படித்தவர்கள் நீண்ட கட்டுரையில் கூறும் செய்தியை அவர் ஐந்து சொற்றொடரில் முடித்துவிட்டார். சீமைக் கருவேலும் கிளைரிசிடியாவும் ஏறக்குறைய ஒரே திசையிலிருந்து வந்தவை. இரண்டும் வேர்முடிச்சு உடையவை. இரண்டும் கெட்ட நிலத்தில் பிழைப்பவை. ஒன்று வேலி தாண்டியது. மற்றொன்று இத்தோட்டத்தில் வேலிக்குள் நிற்கின்றது. ஒன்று விதையால் பரவுவது, அவ்விதையைச் சுமக்க ஆடுமாடுகள் உண்டு. மற்றொன்று போத்தால் நடப்படுவது, விதை முற்றுமுன் அதனை வெட்டும் கை உண்டு. கை ஓய்ந்த தோட்டத்தில் இதுவும் எப்போதும் அடங்கியே நிற்கும் என்று நாம் உறுதி கூறோம்.

சூபாபுல் எனப்படும் சவுண்டல் மரத்தின் கதை இதற்குச் சான்று. 1970களிலும் 1980களிலும் அற்புத மரமென்று போற்றி அதனை உலகெங்கும் நட்டனர். அது சிறந்த தீவனம். ஆயினும் அதிலுள்ள மிமோசின் என்னும் நச்சுப்பொருளால், அளவு மீறித் தின்னும் கால்நடைக்குத் தீங்கு நேரும். வெட்டாது விட்ட இடத்தில் காய்கள் வெடித்து, மரத்தடியெல்லாம் கன்றுகளாகி நிற்கும். உலகின் மிகக் கொடிய 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த பட்டியலில் இன்று அதற்கும் ஓர் இடம் உண்டு.

மலைமேல் வாட்டில்

அதே பட்டியலில் இடம்பெற்ற மற்றொரு மரத்தைக் காண்பதற்கு, நாம் சாலையின் முடிவுவரை ஏற வேண்டும். செண்பகனூரைக் கடந்து, ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ள கொடைக்கானல் நகரை அடைந்து, அங்கிருந்து பூம்பாறை, மன்னவனூர் செல்லும் வழியில் பயணத்தைத் தொடர்ந்தோம். சாலையின் இருபுறமும் கரும்பச்சைச் சுவர்போல் மரங்கள் நெருங்கி நின்றன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரங்கள் அவை. நீலகிரி மக்கள் சீகை மரம் என்பர். பைன் மரமும் யூகலிப்டஸும் இடையிடையே உண்டு.

அழகான காடு என்றே முதன்முறை காண்போர் எண்ணுவர். ஆனால் அங்கே ஒரு நூற்றாண்டுக்கு முன் இருந்தது காடன்று. மலை மடிப்புகளில் மட்டும் சோலைகள். அவற்றைச் சூழ்ந்த சரிவுகள் முழுதும் புல்வெளி. மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுவது அப்புல்லும் சோலையும் சேர்ந்த நிலம். அவ்வாறு பிறக்கும் ஓடைகளே கீழே பழனிக்கும் வத்தலக்குண்டுக்கும் வைகைக்கும் நீராகின்றன. வரையாடு மேய்வதும், 12 ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதும் அப்புல்வெளியில்தான். கடைசியாக 2018இல் அது பூத்தது.

அயலிலிருந்து வந்து பார்த்தவர்கள் கண்ணுக்கு அந்தப் புல்வெளி வெற்று நிலமாகத் தோன்றிற்று. மலைநகரங்களுக்கு விறகு வேண்டும். சோலையை வெட்டாமல் விறகு கிடைக்க வேண்டும். அதற்கென்று 19ஆம் நூற்றாண்டில் வாட்டில் நீலகிரிக்கு வந்தது. அதன் பட்டையில் தோல் பதனிடுவதற்குரிய துவர்ப்புப் பொருளான டானின் மிகுதி. ஆவாரம் பட்டையால் தோல் பதனிட்டுவந்த நம் நாட்டு ஆலைகள், ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டையை வரவழைத்துக்கொண்டிருந்தன. அதனை இங்கேயே விளைவித்தால் அந்நியச் செலாவணி மிச்சமாகும் அன்றோ? ஆகவே விடுதலைக்குப் பின் பழனி மலைப் புல்வெளிகளில் வாட்டில் பெருமளவில் நடப்பட்டது. அதனால் திண்டுக்கல் போன்ற ஊர்களின் தோல் தொழிலுக்கு ஆதாயம்; மலைமக்களுக்குக் கூலி; கோடாரியிலிருந்து சோலைகளுக்கு ஓரளவு விடுதலை. இவையனைத்தும் உண்மையான நன்மைகளே.

தீமை மெல்ல வந்தது. நடுவதை நிறுத்திய பின்னும் மரம் தானாகவே நடந்தது. வாட்டிலின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ ஒன்று சரிவில் ஓடிவிட்டால், அவ்வெப்பத்தால் உறை பிளந்து ஒரே சமயத்தில் முளைத்தெழும். நிழல் விழுந்த இடத்தில் புல் மடிகின்றது. வேர்முடிச்சால் வரும் தழைச்சத்தும் அங்கே வரமாக அமையவில்லை. எளிய உணவில் வாழப் பழகிய உடலுக்குத் தினம் விருந்து படைத்தால் நோய் வருவதுபோல, அளவான சத்தில் வாழப் பழகிய புல்வெளி மண்ணில் சத்து மிகுந்தபோது, புல்லுக்கு மாறாகக் களைகளே கொழுக்கின்றன. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்யப்பட்டு 2018இல் வெளியான ஆய்வொன்று, 1973க்கும் 2014க்கும் இடையே பழனி மலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதென்றும், மரத்தோட்டங்களும் வேளாண்மையுமே அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன என்றும் காட்டியது.

இதனை முன்னரே கவனித்தவர்கள் உண்டு. செடிநூல் வல்லுநரான இயேசு சபைத் துறவி கே. எம். மத்தேயு அடிகளார், கொடைக்கானலில் குடியேறிய அயல்நாட்டுத் தாவரங்களைப் பற்றி 1969லேயே ஆய்வுநூல் வெளியிட்டார். பின்னர் பழனி மலையின் தாவரங்கள் அனைத்தையும் விரிவாகப் பதிவு செய்தார். எது இம்மண்ணின் மகவு, எது விருந்தாக வந்தது என்று பிரித்தறிய அவருடைய பட்டியல்கள் இன்றும் துணை நிற்கின்றன.

வெட்டுவதா, விடுவதா?

அப்படியாயின் எல்லாவற்றையும் வெட்டி வீழ்த்திவிடலாமே என்று நம்முடன் வந்த ஒருவர் சொன்னார். பூம்பாறைச் சாலையில் எதிர்ப்பட்ட விறகுச் சுமைக்காரப் பெண்மணி ஒருவர் அதற்கு விடை தந்தார். தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு, “வெட்டணும்னுதான் எல்லாரும் சொல்றாங்க சாமி. வெட்டட்டும். ஆனா ராத்திரி இங்க அடிக்கிற குளுருக்கு என்ன வச்சு எரிக்கிறதுன்னு யாராச்சும் சொன்னா தேவலை” என்றார். அவர் முதுகின் பின்னே நின்ற மரமும் வாட்டிலே; அவர் சுமையிலிருந்ததும் வாட்டிலே. புல்வெளி போனதால் வருந்துவோரும், விறகு போனால் வருந்துவோரும் ஒரே மலையில் வாழ்கின்றனர் என்பதை மறந்து எந்தத் திட்டமும் தீட்டலாகாது.

மற்றொரு செய்தியும் உண்டு. முதிர்ந்த வாட்டில் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வருவதைப் பழனி மலையில் பலர் கண்டிருக்கின்றனர். பனியும் வெயிலும் நேரே தாக்காத அந்நிழல் அவற்றிற்குத் தாய்மடியாகின்றது. அங்கே முழுதும் வெட்டித் திறந்துவிட்டால், சோலைக் கன்றுகளும் மடியும். வெளிச்சம் பட்ட மண்ணில் புதைந்து கிடந்த வாட்டில் விதைகளும் எழும்பும். ஆனால் புல்வெளி இன்னும் எஞ்சியுள்ள இடங்களில், ஓரத்திலிருந்து உள்ளே நுழையும் இளங்கன்றுகளை ஆண்டுதோறும் வேரோடு பிடுங்குவது இன்றியமையாதது. மன்னவனூர்ப் பக்கத்தில் திறந்த புற்சரிவு ஒன்றில் நின்றபோது, முழங்கால் உயர வாட்டில் கன்றுகள் அங்கங்கே தலைநீட்டுவதைக் கண்டோம். ஈர மண்ணில் ஒரு கையால் பிடுங்கிவிடக் கூடியவை அவை. பத்து ஆண்டு கழித்தால் கோடாரியும் போதாது.

தென்னாப்பிரிக்கா இதே மரத்தோடு போராடுகின்றது. அங்கே வாட்டில் ஒருபுறம் வாணிபப் பயிர். மறுபுறம் ஆறுகளின் நீரைக் குடித்துவிடும் பகை. 1995 முதல் அந்நாட்டு அரசு, வேலையற்ற ஏழைகளுக்குக் கூலி கொடுத்து இத்தகைய மரங்களை அகற்றும் பெருந்திட்டத்தை நடத்திவருகின்றது. நம் தமிழக அரசும் 2022இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென ஒரு கொள்கையை வகுத்தது. பிழைப்புக்கு மாற்று வழியும், வெட்டிய இடத்தைப் பல்லாண்டு காவல் காக்கும் பொறுமையும் இருந்தாலன்றி இப்பணி முற்றுப்பெறாது.

நடுமுன் கேட்க வேண்டியவை

இந்த ஒரு சாலையில் மூன்று உயரங்களில் நாம் கண்டது ஒரே பண்புடைய மரங்களை. கெட்ட நிலத்திலும் தானே உரம் தேடித் தழைக்கும் ஆற்றலே அவற்றின் சிறப்பு. கட்டுமீறிப் பரவுவதற்கு வலிமை தருவதும் அதே ஆற்றலே. சிறப்பு வேறு, குறை வேறு என்று பிரித்து ஒன்றை மட்டும் பெற்றுக்கொள்ள வழியில்லை. ஆகவே மரத்தை நல்லது, தீயது என்று தீர்ப்பிடுவதைவிட, நடுவோர் சில கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்வது நலம்.

முதலாவது, இந்த நிலம் உண்மையில் கெட்ட நிலமா? மண் அரித்துப்போன கரடும், கல் வெட்டி எடுத்த பள்ளமும் வேறு. மேய்ச்சல் புல்லும் நீர்ப்பிடிப்பும் உடைய வெளி வேறு. மரம் இல்லை என்பதற்காக நிலம் வெறுமையாய்க் கிடக்கின்றதென்று கொள்ளலாகாது. இரண்டாவது, விதை எவ்வழி செல்லும்? நெற்றை ஆடு தின்னுமா, அருகில் ஓடையோ கண்மாயோ உண்டா? மூன்றாவது, ஆண்டுதோறும் அதனை வெட்டுபவர் யார்? இந்த ஆண்டு ஆர்வத்தோடு நடுபவர் அல்லர். பதினைந்து ஆண்டுக்குப் பின் அரிவாள் எடுப்பவர். அந்தப் பொறுப்புக்கு ஒரு பெயரைச் சொல்ல முடியாவிட்டால், அம்மரத்தை நடாதிருப்பதே மேல். நான்காவது, அதே பணியை நம் நாட்டு மரம் செய்யாதா? புங்கந்தழையை வயலில் மிதித்து நெல் விளைவித்தவர்கள் நம் முன்னோர். வாகை நிழலும் தரும், தீவனமும் தரும். நாட்டுக் கருவேல் கலப்பைக்கும் வண்டிக்கும் உதவிற்று. இவை சற்று மெல்ல வளரலாம். இவற்றோடு சேர்ந்து வாழப் பழகிய பறவையும் பூச்சியும் மண்ணும் இங்கே உண்டு.

மரம் நட்டவருக்கு நன்றி சொல்வது உலக வழக்கம். நட்ட மரத்தை ஆண்டுதோறும் சென்று பார்த்து, வெட்ட வேண்டிய நேரத்தில் வெட்டுபவரையும் நாம் மறவாதிருப்போமாக. வரும் மழைக்குக் கன்று வாங்கப் புறப்படும் குடும்பத்தார், குழி தோண்டுமுன் அந்த அரிவாளுக்கு உரியவர் யாரென்று பேசி முடித்துக்கொள்ளட்டும்.